இலைப் படம் போட்ட கேன்

தண்ணீர் குறைந்தால் வெயிலில் ஆவியாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துவிடலாம். எண்ணெயில் அந்தச் சௌகரியம் கிடையாது. லிஃப்ட் எண்ணெய் ஆவியாகாது. அதை யாரும் திருடிக்கொண்டு போய் எதையும் வறுக்கவும் முடியாது. டேங்கில் இரண்டு லிட்டர் குறைந்தால் அந்த இரண்டு லிட்டர் வேறு எங்கோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். லிஃப்ட் மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கும் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடமாக எனக்கு இது தெரியும். தெரிந்தேதான் மூன்று வருடம் ஊற்றினேன்.

அக்கா குடியிருக்கும் கட்டிடத்தில் தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி. அவள் வீடு மூன்றாவது மாடியில். அங்கே ஓடுவது கயிற்றில் தொங்குகிற லிஃப்ட் இல்லை. இதை எத்தனை முறை விளக்கினாலும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கயிறு நல்லா இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். கயிறே கிடையாது. லிஃப்டுக் குழிக்கு அடியில் பத்து மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு ஓர் இரும்புச் சிலிண்டரை இறக்கியிருக்கிறார்கள். அதற்குள் நீளமாக ஒரு தண்டு. படிக்கட்டுக்குக் கீழே உள்ள சின்ன அறையில் எண்ணெய் டேங்கும் பம்பும். பம்ப் எண்ணெயைத் தள்ளினால் தண்டு எழும்பும், அதன் தலையில் உட்கார்ந்து லிஃப்ட் மேலே போகும். வால்வு திறந்தால் எண்ணெய் டேங்குக்குத் திரும்பும், லிஃப்ட் இறங்கும். அவ்வளவுதான். அந்தச் சிலிண்டர் முப்பது வருடமாக மண்ணுக்குள் நிற்கிறது. அதை இறக்கிப் புதைத்தவர்கள் யாரும் இப்போது எங்கள் கம்பெனியில் இல்லை.

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்த விபத்து. அவள் மருந்தாளுநர். மருந்துக்கடை எதிர்ச்சாரியிலேயே இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குச் சக்கர நாற்காலியில் லிஃப்டில் இறங்கி, தெருவைக் கடந்து, கடைக்குள் போய்விடுவாள். யாரும் தள்ளக் கூடாது. தள்ள வருகிறவர்களைத் திரும்பிப் பார்ப்பாள், அவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். நானும் ஒருமுறை எடுத்திருக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த லிஃப்டின் பம்ப் மோட்டார் எரிந்துபோனது. அப்போது அந்தக் கட்டிடம் என் பொறுப்பில் இல்லை. வேறொருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார். உதிரி வந்து சேர எழுபத்தொரு நாள் ஆனது. முதல் இரண்டு நாள் அக்கம்பக்கத்து ஆண்கள் நான்கு பேர் அவளை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். திருப்பத்தில் ஒருவர், "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, சுவத்துல இடிக்கும்" என்றாராம். நல்ல மனிதர்தான், பீரோ தூக்குகிறபோதும் அப்படித்தான் சொல்லியிருப்பார். மூன்றாம் நாள் அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். மீதி அறுபத்தொன்பது நாளும் வீட்டுக்குள்ளேயே ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதிரே இருக்கிற கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் அவள் இடத்தில் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார்.

லிஃப்ட் ஓடத் தொடங்கிய அன்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். கம்பெனியில் சொல்லி இந்தக் கட்டிடத்தை நீ எடுத்துக்கொள் என்றாள். எடுத்துக்கொண்டேன். "ஒரு நாள்கூட நிக்கக் கூடாதுடா" என்றாள். அவள் எதையும் இரண்டு தடவை கேட்கிறவள் இல்லை. சரி என்றேன். அதன்பிறகு அந்த லிஃப்ட் ஒரு நாள்கூட நிற்கவில்லை. என் வேலையில் நான் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான், கடைசியில் அதுவும் இப்படி ஆயிற்று.

இனி இலைப் படத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டிடத்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்டிக்கர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். அதனால் கட்டிடத்தில் ஸ்டிக்கர் இல்லாத சுவர் கிடையாது. குழாய்க்கு மேலே "தண்ணீர்" என்று ஒன்று. நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனி ஒரு புதிய எண்ணெயைக் கொண்டுவந்தது. கச்சா எண்ணெயிலிருந்து எடுக்காமல் விதைகளிலிருந்து எடுத்த தாவர எண்ணெய். மண்ணில் சிந்தினால் கிருமிகள் தின்று தீர்த்துவிடும் என்றார்கள். கேனில் பெரிதாக ஒரு பச்சை இலை. செயலாளர் அந்த இலையைப் பார்த்தார், அவ்வளவுதான், மயங்கிவிட்டார். பழைய எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டுப் புதியதை நிரப்பினோம். லிஃப்டுக்குள் ஒரு ஸ்டிக்கர் வந்தது: "இந்த லிஃப்ட் இயற்கையின் தோழன்." மேல்கொண்டு ஊற்றுவதற்கென்று இருபது லிட்டர் கேன் ஒன்றைப் பம்ப் அறையில் வைத்தோம்.

ஒரு வருடம் எதுவும் இல்லை. பிறகு மாதா மாதம் டேங்கில் இரண்டு லிட்டர் குறைய ஆரம்பித்தது.

குறைவதற்கு ஒரு நியாயமான வழி உண்டு. தண்டு ஏறி இறங்கும்போது சிலிண்டரின் வாயில் கொஞ்சம் எண்ணெய் வழியும். அதைப் பிடிக்கக் குழிக்குள் ஒரு வாளி இருக்கும். டேங்கில் ஒரு லிட்டர் குறைந்து, வாளியில் ஒரு லிட்டர் இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இங்கே வாளியில் ஒரு டம்ளர் எண்ணெய் இருந்தது. மீதி வாளிக்கு வரவில்லை என்றால், சிலிண்டர் மண்ணுக்குள் எங்கோ அரித்து ஓட்டையாகிவிட்டது. லிஃப்ட் ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் அந்த ஓட்டை வழியாக எண்ணெய் பீய்ச்சிக்கொண்டிருக்கிறது. உடனே லிஃப்டை நிறுத்த வேண்டும். சிலிண்டரைப் பிடுங்கி எடுக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறையாது.

நான் வாளியைப் பார்த்தேன். எட்டு வாரத்தை நினைத்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அக்காவை நினைத்தேன். கேனைத் தூக்கி இரண்டு லிட்டர் ஊற்றினேன். பராமரிப்புப் பதிவேட்டில் "சேர்த்த எண்ணெய்: 2 லிட்டர்" என்று ஒழுங்காக எழுதினேன். "காரணம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்து, "வழக்கமானது" என்று எழுதினேன். அது அப்போது வழக்கமாக இருக்கவில்லை. பிறகு ஆகிவிட்டது.

பத்து மாதத்தில் இலை எண்ணெய் தீர்ந்துபோனது. கம்பெனியில் இன்னொரு கேன் கேட்டால், போன கேன் எங்கே போனது என்று கேட்பார்கள். எங்கள் ஸ்டோரில் மற்ற லிஃப்டுகளுக்கெல்லாம் ஊற்றுகிற சாதாரண எண்ணெய் பெரிய டிரம்மில் இருக்கும். அதில் யார் எவ்வளவு பிடித்தாலும் கேள்வி கிடையாது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கேனுக்கு மூக்கு நன்றாக இருக்கிறதோ, அதில்தான் எல்லாவற்றையும் பிடிப்போம். இலைப் படம் போட்ட கேனுக்கு மூக்கு அருமையாக இருந்தது, ஒரு சொட்டு வெளியே சிந்தாது. அதில் டிரம் எண்ணெயைப் பிடித்து வந்து ஊற்றினேன். மாதம் இரண்டு லிட்டர், இருபத்தாறு மாதம். என்னைப் படிக்கட்டில் பார்க்கிறபோதெல்லாம் செயலாளர் கேனில் இருந்த இலையைப் பார்த்துப் புன்னகைப்பார்.

லிஃப்டுச் சுவருக்குப் பின்னால் கொல்லைப்புறத்தில் பத்தடிக்கு எட்டடி மண் இருந்தது. அக்காவின் கணவர், என் மாமா, அதில் தக்காளி போட்டிருந்தார். மாமா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, நடுவில் தக்காளி. பேச்சு அதிகம் கிடையாது. பிள்ளைகள் போடுகிற கூச்சலைக் கேட்டுக் கேட்டு வார்த்தைகளின் மேல் இருந்த பிரியமே போய்விட்டது என்று அக்கா சொல்வாள். மாதா மாதம் நான் வேலை முடித்துவிட்டு மேலே போய்ச் சாப்பிடுவேன். கிளம்பும்போது மாமா ஒரு பை தக்காளியை என் கையில் திணிப்பார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டேன். எறிந்துவிட்டால் தெரிந்தே செய்ததாக ஆகிவிடுமே என்று ஒன்றுவிடாமல் சாப்பிட்டேன்.

இந்த வருடம் சுவரோரம் இருந்த செடிகள் மஞ்சளாகி, இலை சுருண்டு, நின்றபடியே காய்ந்தன. மாமா தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே உருண்டது. வேரோடு ஒரு செடியைப் பிடுங்கி, அந்தக் குழியில் தண்ணீர் தேங்கியபோது அதன்மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் மினுங்கியதாம். மாமா செயலாளரைக் கூட்டிவந்து காட்டினார். ஆனால் செயலாளர் எள்ளளவும் கலங்கவில்லை. லிஃப்டிலிருந்து கசிந்தால்தான் என்ன, அது தாவர எண்ணெய் அல்லவா, செடிக்குச் செடியின் எண்ணெய் கெடுதல் செய்யுமா என்று மாமாவையே திருப்பிக் கேட்டார். மறுநாள் கொல்லைக் கதவில் ஒரு ஸ்டிக்கர்: "கசிந்தாலும் உரமே." மாமா அதைப் படித்துவிட்டு மிச்சமிருந்த செடிகளைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி நட்டார்.

அக்கா மட்டும் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வரச் சொல்லி, ஒரு காலி மாத்திரை டப்பாவில் போட்டு, மூடியில் ஊசியால் ஓட்டைகள் குத்தி, சமையலறை ஜன்னலில் வைத்தாள். டப்பாமேல் தேதி எழுதிய சீட்டு ஒட்டினாள். அவள் எதிலும் சீட்டு ஒட்டாமல் விடமாட்டாள். அடுத்த மாதம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது அந்த டப்பாவைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உன் கேன்ல பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

நான் இல்லை என்றேன். அவள் படித்திருந்தாள். பம்ப் அறைக் கதவு திறந்திருந்த ஒருநாள் நாற்காலியை வாசலில் நிறுத்திக்கொண்டு முழுவதையும் படித்திருக்கிறாள். மண்ணில் கலந்தால் பெரும்பகுதி இருபத்தெட்டு நாளில் சிதைந்துவிடும் என்று போட்டிருக்கிறதாம். அதற்குக் கீழே, ஆனாலும் மண்ணிலோ நீரிலோ கலக்க விடக்கூடாது என்றும் போட்டிருக்கிறதாம். தாவர எண்ணெயே ஆனாலும் அதைத் தின்கிற கிருமிகள் மண்ணில் உள்ள காற்றையெல்லாம் இழுத்துக்கொள்ளும், இரும்பு தேய்ந்த துகள்களும் கலந்திருக்கும் என்று அக்காவே மேல்கொண்டு விளக்கினாள். செயலாளர் இலையோடு நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது என்றாள்.

பிறகு டப்பாவைத் திறந்து சில சொட்டுத் தண்ணீர் விட்டாள். தண்ணீர்மேல் அதே படலம் மினுங்கியது.

"இன்னிக்கு முப்பத்தஞ்சாவது நாள். தாவர எண்ணெயா இருந்தா சிக்கு வாடையாவது வரணும். இது வெச்சது வெச்சபடி இருக்கு. கேன்ல என்னடா இருக்கு?"

லேபிளில் இருபத்தெட்டு நாள் என்று போட்டிருந்தால் இருபத்தெட்டு நாள் காத்திருந்து, மேலே ஒரு வாரம் பொறுத்தும் பார்க்கிற ஒரு ஜீவன் உலகத்தில் இருக்கும், அது என் அக்காவாக இருக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். பூசி மெழுகலாமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, இரண்டு லிட்டர், டிரம், கேனின் மூக்கு, வழக்கமானது.

அக்கா கத்தவில்லை. மருந்துச்சீட்டு எழுதுகிற தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்து, டிரம்மில் உள்ளதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதச் சொன்னாள். எனக்கு அது தெரியும், ஸ்டோர் சுவரில் தொங்குகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தது. மீதி இரண்டு பங்கில், இரும்பு தேயாமல் இருக்கத் துத்தநாகம் கலந்த ஒன்று, துரு பிடிக்காமல் இருக்க ஒன்று, நுரை கட்டாமல் இருக்க ஒன்று, எண்ணெய் கெடாமல் இருக்க ஒன்று. எழுதிக் கொடுத்தேன். மருத்துவர் எழுதியதைப் படிப்பது போலவே முகத்தை வைத்துக்கொண்டு படித்தாள். இது மண்ணுக்குள் போனால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், வேரை மூடும், இன்னும் கீழே போனால் தண்ணீர்மேல் மிதந்துகொண்டே பள்ளத்தைப் பார்த்து நகரும், தெருக்கோடி ஓடைக்குப் போனால் துத்தநாகம் மீனுக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டே போனாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. எனக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"எத்தனை நாளா?"

"ஓட்டை விழுந்து மூணு வருஷம் ஆச்சு. இந்த எண்ணெய் ரெண்டு வருஷத்துக்கு மேல. ஐம்பத்திரண்டு லிட்டர்."

"எதுக்குடா?"

"நீதானே சொன்னே, ஒரு நாள்கூட நிக்கக் கூடாதுன்னு."

சொன்ன உடனே அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. அக்கா பேனாவை மூடினாள்.

"எங்க கடையில ஒருத்தர் ஒரு மருந்து பாட்டில்ல வேற மருந்தை ஊத்தி வெச்சுட்டு, நோயாளி மேல இருக்கிற பாசத்துலதான் ஊத்தினேன்னு சொன்னா, நான் என்ன பண்ணுவேன்னு நினைக்கிறே?"

அக்கா மண் டப்பாவை மூடி என் பக்கம் நகர்த்தினாள்.

"என் பேரைச் சொல்லி ஊத்தியிருக்கே. நான் ஒவ்வொரு தடவை மேல வந்தப்பவும் கொஞ்சம் கொஞ்சமா மண்ணுக்குள்ள போயிருக்கு. எனக்குத் தெரிஞ்சிருந்தா ஏறியிருப்பேனா மாட்டேனான்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

கை கழுவிவிட்டு வா என்றாள். மூன்று பேரும் லிஃப்டில் கீழே போனோம். இயற்கையின் தோழன் ஸ்டிக்கர் எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. தரைத்தளத்தில் அக்கா நாற்காலியை உருட்டி வெளியே வந்து, லிஃப்டின் எதிரே திருப்பி நிறுத்தினாள்.

"நிறுத்திடு" என்றாள்.

முதலில் மேலே கொண்டுபோய் விடுகிறேன், பிறகு நிறுத்துகிறேன் என்றேன். எட்டு வாரம் ஆகும் என்றும் சொன்னேன். தெரியும் என்றாள். "மேல போய் உக்காந்துட்டேன்னா போன தடவை மாதிரி அங்கேயே இருந்துடுவேன். நிறுத்துடா."

பம்ப் அறைக்குப் போய் மின்சாரத்தைத் துண்டித்தேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ லிஃப்டுகளை நிறுத்தியிருக்கிறேன், இதை மட்டும் ஆறு வருடமாக நிறுத்தியதில்லை. வாசலில் பலகை மாட்டிவிட்டுத் திரும்பிவந்தபோது, அக்கா நாற்காலியின் மெத்தையை எடுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டச் சொல்லி மாமாவிடம் நாற்காலி பெல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உணர்வு இல்லாத இடத்தில் காயம் பட்டால் தெரியாது, அதற்காக மெத்தை. மாமா இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பிறகு அக்கா நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றி முதல் படிக்கு இறங்கி உட்கார்ந்தாள். படிக்கட்டுக்கு முதுகைக் காட்டியபடி, இரண்டு கைகளையும் மேல்படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, அதில் உட்கார்ந்தாள். கால்களைக் கையால் எடுத்துக் கீழ்ப்படியில் வைத்தாள். ஒரு படி முடிந்தது.

மொத்தம் ஐம்பத்து நான்கு படிகள். நான் தூக்கப் போனேன். அவள் திரும்பிப் பார்த்தாள், கையை எடுத்துவிட்டேன். நாற்காலியை எடுத்து வா என்றாள். நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு, அவளுக்கு நாலு படி கீழே, அவள் முகத்தைப் பார்த்தபடியே ஏறினேன். அதைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கம்பெனியும் எனக்குக் கொடுத்திருக்க முடியாது. இரண்டாவது மாடியில் கதவுகள் திறந்தன. முன்பு அவளைத் தூக்கியபோது சாய்த்துப் பிடிக்கச் சொன்னவர் ஓடிவந்தார். வழி விட்டால் போதும் என்று அக்கா சொன்னதும் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இரண்டாவது மாடியைத் தாண்டியதும் வருகிற திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாள். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

போன தடவையே இப்படிச் செய்திருக்கலாமே, எழுபது நாள் எதற்கு உள்ளே கிடந்தாய் என்று கேட்டேன். கேட்கிற நேரமா அது என்றால் இல்லைதான். ஆனால் எனக்கு ஏதாவது பேசியாக வேண்டியிருந்தது.

"அப்ப வெக்கமா இருந்துச்சு" என்றாள்.

"இப்ப?"

"இப்ப வேற விஷயத்துக்கு வெக்கமா இருக்கு. நகரு."

முப்பத்தொரு நிமிடம் ஆனது. கதவைத் திறந்து உள்ளே போய், நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, என் கம்பெனிக்கும் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கும் இரண்டு கடிதம் எழுதினாள். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.

கம்பெனியில் மேலாளர் பதிவேட்டைப் புரட்டி, "வழக்கமானது" என்ற வார்த்தையை முப்பத்தாறு தடவை விரல் வைத்துப் படித்தார். என்னை லிஃப்டு வேலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். எந்தக் கேனில் எது இருக்கிறதோ அதன் பெயரை எழுதி ஒட்டுவது இப்போது என் வேலை. செயலாளர் கொல்லைக் கதவில் இருந்த ஸ்டிக்கரைத் தன் கையாலேயே சுரண்டி எடுத்தார். பசை நல்ல பசை, அரை நாள் ஆனது.

கிரேன் வந்தது. சிலிண்டரை உருவி எடுத்துக் கொல்லையில் கிடத்தினார்கள். அடிப்பக்கம் துரு பிடித்துச் செதில் செதிலாக உரிந்திருந்தது. ஓட்டையை நானே தேடிக் கண்டுபிடித்தேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. சுண்டு விரல் நகம் நுழையாது. அதன் பக்கத்தில் வெகுநேரம் குந்தி உட்கார்ந்திருந்தேன். சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி மண்ணைத் துளைத்துப் பார்த்து, எண்ணெய் நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டது, ஓடைக்கு இன்னும் போகவில்லை என்றார். குழாய்கள் பதித்து இரண்டு வருடம் கண்காணிக்க வேண்டுமாம். மாமாவின் தோட்டத்து மண் முழுவதையும் நஞ்சுக் கழிவு என்று எழுதி ஒட்டிய பெட்டிகளில் அள்ளிப் போட்டு லாரியில் ஏற்றினார்கள். மாமா பஸ் நடைக்குப் போகாமல் லீவு போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். லாரி போனபிறகு என்னிடம் வந்தார். லிஃப்டை நிறுத்திய நாளிலிருந்து என்னிடம் அவர் பேசியிருக்கவில்லை.

"நான் கொடுத்த தக்காளியெல்லாம் சாப்பிட்டியா, மாப்ளே?"

எல்லாவற்றையும் சாப்பிட்டேன் என்றேன்.

"அப்ப சரி" என்றார். எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை.

எட்டு வாரம் ஒன்பதாக இழுத்தது. காலையில் மாமா பஸ் ஓட்டப் போய்விடுவார் என்பதால் எட்டரைக்கு நான் வருவேன். அக்கா படி படியாக உட்கார்ந்து இறங்குவாள், நான் நாற்காலியோடு பின்னால் வருவேன். மாலையில் மறுபடி ஏறுவாள். மாமா பழைய மெத்தையை வெட்டி அவளுக்கென்று ஒரு திண்டு தைத்தார். அது படியில் உரசித் தேய்ந்ததும் இன்னொன்று தைத்தார், பிறகு இன்னொன்று. முப்பத்தொரு நிமிடம் பதினெட்டாகக் குறைந்தது. கடைக்கு அவள் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. முதல் வாரம் அவளைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் மூன்றாவது வாரத்தில் "சாயங்காலம் வரும்போது எனக்கு இருமல் மருந்து கொண்டாந்துடுங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

புதிய சிலிண்டரைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து இறக்கினார்கள். ஓட்டை விழுந்தாலும் எண்ணெய் உறைக்குள்ளேயே நிற்கும். இப்போது அந்தக் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் வேறு மெக்கானிக். இலை எண்ணெயே ஊற்றியிருக்கிறார், நான்தான் ஸ்டோரிலிருந்து மூடி திறக்காத கேன்களை எடுத்துக் கொடுத்தேன்.

லிஃப்ட் ஓடத் தொடங்கிய அன்று மாலை, கடை மூடியதும் அக்காவுடன் நானும் வந்தேன். லிஃப்டுக்குள் தோழன் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது. நான் எழுதிக் கொடுத்து, செயலாளர் அச்சடித்தது. எண்ணெயில் என்னென்ன எத்தனை பங்கு, மண்ணில் கலந்தால் என்ன ஆகும், எத்தனை நாளில் எவ்வளவு சிதையும், எது சிதையாது, எல்லாம் பெரிய எழுத்தில். படமே கிடையாது. அக்கா கதவை மூடவிடாமல் நாற்காலியைப் பாதி உள்ளே, பாதி வெளியே நிறுத்திக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். கதவு மூட முடியாமல் லிஃப்ட் கூவிக்கொண்டே இருந்தது. கடைசி வரிவரை படித்தாள். பிறகு உள்ளே போய்த் திரும்பி உட்கார்ந்தாள்.

நானும் ஏறப் போனேன்.

"நீ படியில வா" என்றாள்.

கதவு மூடிக்கொண்டது. சுவருக்குப் பின்னால் எண்ணெய் ஏறுகிற சத்தம் கேட்டது. நான் படியேறினேன். ஒன்பது வாரம் ஏறிய படிகள்தான், ஆனால் அப்போதெல்லாம் அவள் வேகத்தில் ஏறினேன். இப்போது அவளுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று ஓடினேன். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு அழுக்கெல்லாம் போய்ப் பளபளப்பாக இருந்தது. இரண்டாவது மாடியைத் தாண்டிய திருப்பத்தில் மூச்சு முட்டிப் போய், அந்தப் பளபளப்பிலேயே உட்கார்ந்தேன். முதல் நாள் அவள் உட்கார்ந்த படி. அங்கே உட்கார்ந்து அழுதேன், மறைக்க ஒன்றும் இல்லை.

மேலே லிஃப்டுக் கதவு திறந்தது. நாற்காலிச் சக்கரம் தளத்தில் உருண்டு, படிக்கட்டின் தலைப்பில் வந்து நின்றது.

"என்னடா, நின்னுடுச்சா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லக்கா" என்றேன். "வந்துட்டே இருக்கேன்."